கலைந்த நிறுவனமும் இடிந்த கோயிலும்

பெங்களூரின் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை நொடித்துப்போனால், அங்கே கிடக்கும் லேத்தை வங்கி ஏலம் விடும். எடுத்தவர் அதை ஓசூரிலோ கோவையிலோ இறக்கி ஓட்டத் தொடங்குவார். முதலாளி மாறினாலும் லேத்துக்கு ஒரு குறையும் இல்லை. உடைமை பற்றிய நம் சட்டம் பெரும்பாலும் இப்படிப்பட்ட பொருளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நிறுவனத்தின் கையில் இருப்பது இயந்திரமாக இல்லாமல் ஆயிரக்கணக்கான திரைப்படங்களின் உரிமையாக இருந்தால், அது மடியும்போது எழும் கேள்வி கணக்கு வழக்கோடு முடியாது. அத்தகைய பொருளை வைத்திருப்பவர் சொந்தக்காரரா, காவல்காரரா? இது அறத்தைப் பற்றிய கேள்வி.

மோசர் பேர் நிறுவனத்தின் கதை இதற்குச் சரியான சான்று. தீபக் பூரி 1983இல் தில்லியில் தொடங்கிய அது, முதலில் நேரப்பதிவுக் கருவியும் பிறகு ஃபிளாப்பியும் செய்தது. அடுத்து சிடிக்கு மாறி உலகின் பெரிய உற்பத்தியாளர்களுள் ஒன்றானது. 2007 வாக்கில் பல மொழிப் படங்களின் வீடியோ உரிமைகளை வாங்கிக் குவித்து, விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. தமிழக அரசு 2004இலேயே திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்திருந்தது. சட்டம் பயமுறுத்தியது, இந்த நிறுவனமோ திருட்டு விசிடியின் விலையையே அசலுக்கு வைத்தது. பாதிப் படத்தில் எழுந்து இரண்டாவது விசிடியை மாற்றிப்போட்டுப் பார்த்த எத்தனையோ குடும்பங்கள் கையில் எடுத்த முதல் அசல் பிரதி அதுவாகத்தான் இருந்திருக்கும். சசியின் 'பூ' போன்ற தமிழ்ப் படங்களின் தயாரிப்பிலும் அது பங்கேற்றது. பின்னர் பென் டிரைவும் இணையமும் வந்தன, சூரிய மின்தகட்டுத் தொழிலில் போட்ட முதலும் கடனும் கழுத்தை நெரித்தன. 2017 நவம்பரில் திவால் நடவடிக்கை தொடங்கியது. 2018 செப்டம்பரில் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவு வந்தது.

கலைப்பில் யாருக்கு முதலில் பணம் என்பதற்குத் திவால் சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. கலைப்புச் செலவு முதலில், அடுத்து தொழிலாளரின் 24 மாத நிலுவையும் ஈடு பெற்ற கடன்காரர்களும் சமமாக, மற்றவர்கள் பிறகு. மோசர் பேர் தொழிலாளர் சங்கம் இந்த வரிசையை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போய், 2023இல் தோற்றது. உழைத்தவர்களுக்கே இவ்வளவுதான் என்றால், படம் பார்ப்பவருக்கும் படத்துக்கும் அந்த வரிசையில் இடமே இல்லை என்பதில் வியப்பில்லை. ஆனால் அதே சட்டத்தின் 36ஆம் பிரிவில் வேறொரு சிந்தனையும் இருக்கிறது. வருங்கால வைப்புநிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றிலிருந்து தொழிலாளருக்குச் சேர வேண்டிய தொகை, கலைக்கப்படும் சொத்தில் சேராது. கையில் இருப்பதெல்லாம் சொந்தமல்ல என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது.

நம் சமய மரபு இதை இன்னும் ஆழமாக எண்ணிப் பார்த்திருக்கிறது. கம்பெனியைப் போலவே கோயிலும் தெய்வமும் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். பத்தூர் கோயிலின் நடராஜர் சிலை லண்டனுக்குக் கடத்தப்பட்டபோது, இடிந்து வழிபாடற்றுக் கிடந்த கோயிலின் பெயராலேயே வழக்கு நடந்தது. 1991இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோயிலின் உரிமையை ஏற்றது. நடராஜர் தாயகம் திரும்பினார். கம்பெனி ஆள் கலைக்கப்பட்டதும் இல்லாமல் போகிறார். கோயில் ஆள் கல் சரிந்த பிறகும் இருக்கிறார். காரணம், கோயிலுக்குக் கொடுத்தவர் அதைத் தம் கையிலிருந்து முற்றிலும் விட்டுவிட்டார், தர்மகர்த்தா அதை அடுத்த தலைமுறைக்காகப் பார்த்துக்கொள்பவர் மட்டுமே. எண்ணெய் விளக்கு அணைந்தாலும் அந்தக் கொடையின் நோக்கம் அணைவதில்லை.

சினிமா தெய்வமா என்று கேட்கலாம். இல்லை. காசு போட்டு எடுத்துக் காசுக்கு விற்ற சரக்குதான். ஆனால் ஒரு படத்தில் ஒரு காலத்தின் தெருவும் பேச்சும் முகங்களும் தங்கிவிடுகின்றன. அவற்றை எந்தத் தயாரிப்பாளரும் முதல் போட்டு உண்டாக்கவில்லை. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இன்று நமக்கு இல்லை. அதற்குச் சட்டப்படி சொந்தக்காரர் இருந்தார், பாதுகாக்கும் கடமைப்பட்டவர் யாரும் இல்லை. வீடியோ நிறுவனம் வாங்கியது சில ஆண்டு உரிமைதானே, நெகடிவ் தயாரிப்பாளரிடம்தானே இருக்கும் என்ற மறுப்பு வலுவானது. ஆனால் லேபில் கிடந்த நெகடிவ் கெட்டுப்போனால் விற்பனைக்காக எடுத்த மாஸ்டர் பிரதிதான் மிச்சம். அப்போது அதை வைத்திருப்பவரே, விரும்பியோ விரும்பாமலோ, காவலர் ஆகிறார்.

இப்படிச் சுமை ஏற்றினால் யார் முதல் போடுவார் என்பது கடைசி மறுப்பு. ஒவ்வொரு புத்தகத்தின் பிரதிகளையும் சென்னை கன்னிமரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்குத் தர வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதனால் பதிப்புத் தொழில் அழிந்துவிடவில்லை. உரிமையை ஏலம் விடட்டும், கடன்காரர் தம் பணத்தைப் பெறட்டும். அதற்குமுன் மாஸ்டர் பிரதிகளை, வைப்புநிதியைப் போலவே, சொத்துக் கணக்கிலிருந்து எடுத்துப் பொது ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கும் கடமை கலைப்பாளருக்கு இருக்க வேண்டும்.