பழகிய முற்றுகையும் பார்வையின் நேர்மையும்

மானிப்பாய் அகராதி எனப் பெயர்பெற்ற யாழ்ப்பாண அகராதி 1842ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்டது. சதுரங்கத்தில் தேர்ந்தவர் உள்ளத்திலும் இத்தகைய ஓர் அகராதி உண்டு. அதிலுள்ள காய் அமைப்புக்கள் 10,000இற்கும் 100,000இற்கும் இடைப்பட்டவை என 1970களில் ஹேர்பேட் சைமனும் அவரோடு ஆய்ந்தோரும் மதிப்பிட்டனர். அவ்வகராதியில் மாணவன் முதலில் மனனஞ் செய்யும் சொற்களே இறுதி முற்றுகையின் வடிவங்கள்.

அவற்றுள் ஒன்றை நோக்குவோம். ஒருவன் தன் அரசியை வேண்டுமென்றே பலியிடுகிறான். அதனை வெட்டும் எதிரியின் கோட்டை அரசனுக்கு இருந்த ஒரே போக்கிடத்தை அடைத்துவிடுகிறது. பின்னர் ஒரு குதிரை பாய, தன் காய்களே சூழ்ந்து நிற்க அரசன் மடிகிறான். ஸ்பானியராகிய லுசேனா 1497இல் வெளியிட்ட நூலிலேயே இம்முறை காணப்படுகிறது. ஐந்து நூற்றாண்டு கடந்து இதனை ஆடி வெல்லும் மாணவனின் வெற்றி அவனுடையதுதானா?

மனனக் கல்வியை இகழ்வோர், அன்று என்பர். நிகண்டை ஒப்புவித்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக்கு இவ்விகழ்ச்சி புதிதன்று. ஆயினும் அது முழுதும் நியாயமானதன்று. உண்மையான ஆட்டமொன்றின் நிலையை ஐந்து விநாடி மட்டும் காட்டி மறைத்தால், வல்லவர் அதனைப் பெரும்பாலும் பிழையின்றி மீள அமைப்பர். காய்களை மனம்போனபடி கலைத்து வைத்துக் காட்டினாலோ, அவ்வாற்றல் ஏறக்குறையப் புதியவனின் அளவுக்குத் தாழ்ந்துவிடும். பொருளுள்ள அமைப்பையே அவர் உள்ளம் பற்றுகிறது. ஆதலின் வடிவறிவைக் கிளிப்பிள்ளைப் பாடம் எனத் தள்ளுதல் பொருந்தாது.

உண்மையான இடர்ப்பாடு பிறிதோரிடத்தில் உள்ளது. பிலாலிச், மக்லியொட், கோபே என்னும் மூவர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மேற்கூறிய குதிரை முற்றுகை ஐந்து நகர்வில் கிட்டும் நிலையொன்று திறமைமிக்க ஆட்டக்காரருக்குக் காட்டப்பட்டது. அதே நிலையில், அத்துணைப் பழக்கமில்லாத வேறொரு வழியால் மூன்றே நகர்விலும் முடிக்கலாம். பழகியதைக் கண்டவுடன் பலர் அதைவிடச் சிறந்ததைக் காணவில்லை. தாம் வேறு வழி தேடிக்கொண்டிருப்பதாகவே அவர்கள் கூறினர். ஆனால், கண்ணசைவைப் பதிவுசெய்த கருவியோ, முதல் தீர்வுக்குரிய கட்டங்களிலேயே அவர்தம் பார்வை சுழன்றதைக் காட்டிற்று.

அவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை என்றே கொள்ளவேண்டும். பொய்யெனின் உண்மையை அறிந்து மறைத்திருத்தல் வேண்டும். எனினும் அவர்தம் கூற்று உண்மையுமன்று. அறநூல்கள் பெரிதும் பேசுவது நாவின் நேர்மையை. ஈண்டுப் பிறழ்ந்தது பார்வையின் நேர்மை. அறியாமற் செய்த பிழைக்குப் பொறுப்பில்லை எனத் தள்ளிவிடவும் இயலாது. மிக உயர்ந்த தரத்தினராகிய கிராண்ட் மாஸ்டர்கள் அதே நிலையில் குறுகிய வழியைக் கண்டனர். அவர்களோ வடிவங்களை மிகுதியாகக் கற்றவர்கள். ஆகவே குறை கற்றதில் இல்லை. போதிய அளவு கற்குமுன் போதும் என நின்றுவிடுவதில் உள்ளது.

ஐந்து நகர்வில் முடிப்பவனும் ஆட்டத்தில் வென்றவனே; மூன்றைக் காணாமையால் அவனுக்கு இழப்பேதுமில்லை. வைத்தியத்திலோ நிலை வேறு. சாமுவேல் கிறீன் (1822-1884) மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதன்பொருட்டு நூல்களையும் தமிழாக்கினார். அம்மாணவர் கற்றவையும் ஒருவகையில் வடிவங்களே: இன்ன அறிகுறிகள் கூடின் இன்ன நோய். அவ்வடிவங்களின்றி நோயாளியின் அருகே செல்லுதல் குற்றம். ஆனால் நோயின் பெயர் மனத்தில் எழுந்த பின்னரும், "ஆராய்கிறேன்" எனக் கூறி அந்தப் பெயருக்குரிய குறிகளை மட்டுமே தடவிப் பார்க்கும் வைத்தியரை என்னென்பது? கட்டிலிற் கிடப்பவர் அவர் சொல்லை நம்புகிறார், வைத்தியரும் நம்புகிறார். கண்ணசைவைப் பதியும் கருவியோ அங்கில்லை. பெயரோடு பொருந்தாத குறி யாது என ஒவ்வொரு முறையும் தனியே எழுதிவைக்கும் வழக்கமொன்றே அவ்விடத்தில் அக்கருவியின் வேலையைச் செய்யக்கூடும்.