உன் காணொளிக்கு நீதான் சொந்தக்காரன்

யூடியூபில் வீடியோ போடும் தம்பி, தங்கையே, உன்னிடம்தான் பேசுகிறேன். வெயிலில் அலைந்து படம் எடுக்கிறாய். ஊர் உறங்கிய பிறகு உட்கார்ந்து எடிட் செய்கிறாய். எல்லாம் முடித்து அப்லோட் கொடுக்கும்போது மட்டும் ‘ஸ்ட்ரைக் வந்துடுமோ’ என்று ஏன் நடுங்குகிறாய்? நிமிர்ந்து உட்கார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பெரிய ஸ்டூடியோக்களுக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல. அது உனக்கும் எழுதப்பட்டது.

நீ சொந்தமாக எடுத்த காட்சி பதிவாகும்போதே அதன் பதிப்புரிமையும் பிறந்துவிடுகிறது. எந்த அலுவலகத்திலும் போய்ப் பதிந்தாக வேண்டிய கட்டாயம் கிடையாது. பதிந்து வைத்தால் வழக்கு என்று வரும்போது சான்றாக நிற்கும், அவ்வளவுதான். வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். கோடிகளைக் கொட்டி எடுத்த படத்துக்கும் அதே 60, நீ செல்போனில் எடுத்த வீடியோவுக்கும் அதே 60! ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்தவர் கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாண வீடியோவுக்கும் விளம்பரப் படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். உனக்கும் பங்கு வேண்டுமென்றால் முன்பணம் வாங்கும் முன்பே அதை எழுதி வாங்கு.

சொந்தக்காரனுக்கு உள்ள மதிப்பை நீ கேட்கிறாய் அல்லவா? அதே மதிப்பை அடுத்தவருக்கும் கொடு. ‘ஏழு செகண்டுதானே எடுத்தேன்’, ‘டிஸ்கிரிப்ஷனில் கிரெடிட் போட்டுட்டேனே’, ‘இதுல நான் காசே பார்க்கலையே’ என்று நம்மவர்கள் கட்டிக்கொண்டு திரியும் இந்த மூன்று தாயத்துகளையும் இன்றைக்கே அறுத்தெறி. இத்தனை விநாடி வரை எடுக்கலாம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. நன்றி சொன்னதால் அனுமதி பெற்றதாகிவிடாது. இலவசமாகப் போட்டாலும் எடுத்தது எடுத்ததுதான்.

அப்படியானால் ஒரு படத்தின் காட்சியைக் காட்டி விமர்சிக்கவே முடியாதா? தாராளமாக முடியும். சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் தனிப்பட்ட ஆய்வுக்கும் நியாயமான அளவில் பயன்படுத்திக்கொள்ள இடம் தருகிறது. ‘நியாயமான அளவு’ எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்காவில் ஈதன் கிளைன், ஹிலா கிளைன் என்ற யூடியூப் தம்பதி, இன்னொருவரின் ஐந்தரை நிமிட வீடியோவில் மூன்று நிமிடத்துக்கும் மேல் எடுத்து, வெட்டி வெட்டிக் காட்டி, கேலியும் விமர்சனமுமாகப் பதினான்கு நிமிட வீடியோ ஒன்றைப் போட்டார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 2017இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் கிளைன் தம்பதி பக்கம் தீர்ப்பளித்தது. பாதிக்கு மேல் எடுத்திருந்தும் வென்றார்கள் என்பதைக் கவனி. எடுத்ததன் மேல் அவர்கள் சொந்தமாக வைத்த கருத்துதான் அவர்களைக் காப்பாற்றியது. கருத்தே சொல்லாமல் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது போன்ற வீடியோக்களுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்திவிடாது என்றும் அதே தீர்ப்பு எச்சரித்தது. அது அந்நாட்டுச் சட்டம், நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒவ்வொரு துண்டைச் சேர்க்கும்போதும் ‘இதன் மேல் நான் என்ன சொல்கிறேன்?’ என்று உன்னையே கேட்டுப் பார். பதில் இல்லையென்றால் அந்தத் துண்டை வெட்டிவிடு.

மிரட்டல் வரும். 2025 மே மாதத்தில் மோஹக் மங்கல் என்ற யூடியூபர், சில விநாடிக் காட்சிகளுக்காகத் தன் சேனலுக்கு ஸ்ட்ரைக் கொடுத்துவிட்டு லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டதாக ஏஎன்ஐ செய்தி நிறுவனத்தின் மீது வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். தன் உரிமையைத்தான் காப்பதாகச் சொன்ன அந்த நிறுவனம் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தது. யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். உனக்கு நான் சொல்வது இதுதான்: பயத்தில் பணம் கட்டாதே, பயத்தில் சேனலை மூடாதே. முதலில் வந்திருப்பது கிளெய்மா, ஸ்ட்ரைக்கா என்று பார். கன்டென்ட் ஐடி எந்திரம் பாட்டைக் கண்டுபிடித்துப் போடும் கிளெய்மால் பெரும்பாலும் வருமானம்தான் போகும், சேனல் போகாது. உன் பக்கம் நியாயம் இருந்தால் மறுப்புப் பதிவு செய். எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஸ்ட்ரைக் அப்படியில்லை. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். அதற்கும் எதிர் அறிவிப்பு என்ற வழி இருக்கிறது. நீ அதைக் கொடுத்து, 10 வேலை நாட்களுக்குள் ஸ்ட்ரைக் கொடுத்தவர் சட்ட நடவடிக்கை எடுத்ததாகக் காட்டாவிட்டால் உன் வீடியோ திரும்பி வரும். அதில் பொய் சொல்லாதே, அது உன்னையே திருப்பி அடிக்கும். உண்மை உன் பக்கம் இருந்தால் பெயரும் முகவரியும் போட்டு நெஞ்சை நிமிர்த்தி எழுது. ஆதாரமே இல்லாமல் பதிப்புரிமை வழக்குப் போடுவேன் என்று மிரட்டுபவர் மீது நீயே வழக்குத் தொடுக்க 60ஆம் பிரிவு வழி செய்கிறது. இந்தப் பிரிவைப் படித்த எத்தனை யூடியூபர்கள் இருக்கிறார்கள்? நீ படி.

கைக்கெட்டும் தூரத்தில் கொட்டிக் கிடக்கும் செல்வத்தையும் பார். பாரதியின் படைப்புகள் 1949இலேயே அரசுடைமை ஆயின. கல்கியின் எழுத்தையும் தமிழக அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. ‘பொன்னியின் செல்வ’னை நீ வாசித்துப் போட யாரிடமும் கையேந்த வேண்டாம். ஆனால் வேறொருவர் வாசித்த ஒலிப்பதிவு அவருடையது, தொடருக்கு வரைந்த ஓவியத்தின் உரிமை வேறு, 2022இல் வந்த படத்தின் காட்சியும் இசையும் வேறு. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

பிஜிஎம் இல்லாமல் யார் பார்ப்பார்கள் என்கிறாயா? புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து கிளம்பிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தாண்டியது. அந்த வீடியோக்களை நினைத்தால் உன் காதில் என்ன கேட்கிறது? அம்மியில் அரைபடும் மசாலாவும் எண்ணெய்ச் சட்டியும் அந்த மனிதர்களின் உரத்த குரலும்தானே! உன் ஊரிலும் சத்தம் இருக்கிறது, இசைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போ. திருவிழாவில் பறை அடிப்பவருக்கும் நாயனம் வாசிப்பவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று சட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. அவரைக் கேட்டு எடு, காசு வந்தால் பங்கு கொடு. உன்னைவிட எளியவரின் உரிமையை மிதித்துவிட்டு உன் உரிமைக்காக நீ குரல் கொடுக்க முடியாது.

அனுமதி கேட்க வெட்கப்படாதே. கேட்கத் தெரிந்தவனைத்தான் தொழிலில் மதிப்பார்கள். எந்தப் பாட்டு, எத்தனை நிமிடம், எந்தத் தளத்தில், எத்தனை ஆண்டுக்கு, விளம்பர வருமானம் உண்டா இல்லையா என்று அரைப் பக்கத்தில் எழுது. வாய்வார்த்தையில் ‘போட்டுக்கோ தம்பி’ என்று சொன்னாலும், ‘அதை ஒரு மெயிலில் அனுப்பிடுங்கண்ணே’ என்று கேட்டு வாங்கு. பத்துப் பேர் பதிலே போடாமல் இருக்கலாம். பதினோராவது ஆளுக்கும் எழுது.

நீ வளர்ந்த பிறகு உன்னைத் தேடிக் கம்பெனிகள் வரும். ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். உரிமையைக் கைமாற்றும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்தான் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான் என்றும் 19ஆம் பிரிவு உன்னைக் காக்கிறது. அதனால்தான் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று சின்ன எழுத்தில் ஒரு வரியைச் சேர்த்திருப்பார்கள். அந்த வரியைத் தேடிப் பிடி. பேனாவால் அடி. இத்தனை ஆண்டு, இந்தத் தளம், இவ்வளவு தொகை என்று உன் கையால் எழுதித் திருப்பி அனுப்பு. அவர்கள் ஒப்புக்கொள்ளும் வரை கையெழுத்துப் போடாதே.