நெடுநாள் மருந்தும் ‘தான்’ என்னும் உணர்வும்: மனச்சோர்வு மருந்துகள் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

மனச்சோர்வு நோய்க்கு மருந்து உண்ணலாமா என்பது இன்று பெரிய வினாவாக இல்லை. எத்தனை ஆண்டுகள் உண்பது, நிறுத்தினால் என்ன நேரும், நெடுநாள் மருந்துண்டபின் அமையும் மனம் யாருடையது என்பனவே வினாக்களாக உள்ளன. முதலிரண்டும் மருத்துவத்தைச் சார்ந்தவை. மூன்றாவது அறவியலைச் சார்ந்தது. ஆயினும் முதலிரண்டிற்கும் கிடைக்கும் விடைகளைக் கொண்டே மூன்றாவதை ஆராய இயலும். மருந்து, உணர்வு ஆகியன பற்றிய தமிழ் மரபுச் சிந்தனைகள் இதற்கு எவ்வாறு துணைநிற்கின்றன என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

தமிழில் ‘மன அழுத்தம்’ என்னும் தொடர் இரு பொருளில் வழங்குகிறது. தேர்வு, பணி முதலியவற்றால் வரும் நெருக்கடியையும், வாரக்கணக்கில் நீடித்து உறக்கம், பசி, செயலூக்கம் ஆகியவற்றைக் குலைக்கும் நோயையும் அது ஒருங்கே சுட்டுகிறது. இதனால் முன்னதற்குக் கூறப்படும் ‘மாத்திரை வேண்டா’ என்னும் அறிவுரை பின்னதற்கும் சென்று சேர்ந்துவிடுகிறது. எனவே இக்கட்டுரையில் நோயைக் குறிக்க ‘மனச்சோர்வு’ என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

அறியப்பட்டனவும் அறியப்படாதனவும்

1950களின் தொடக்கத்தில் காசநோய்க்குத் தரப்பட்ட இப்ரோனியசிட் என்னும் மருந்து நோயாளிகளின் மனநிலையையும் உயர்த்தக் கண்டனர். 1957இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன் இமிப்ரமின் பற்றிய தம் முடிவுகளை வெளியிட்டார். 1987இன் இறுதியில் ஃபுளுவாக்செட்டின் அமெரிக்காவில் இசைவு பெற்றது. இத்தகைய மருந்துகளின் பயனை நிறுவிய ஆய்வுகளுள் பெரும்பாலானவை சில வாரங்களே நடத்தப்பட்டவை. மக்களோ இவற்றை ஆண்டுக்கணக்கில் உண்கின்றனர். விவாதத்தின் வேர் இந்த இடைவெளியிலேயே உள்ளது.

இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பும் ஆய்வொன்று 2021இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் நெடுநாளாக மருந்துண்டு நலமாக இருந்த 478 பேர் அதில் பங்கேற்றனர். 52 வாரங்களில், மருந்தைத் தொடர்ந்தோரில் 39 விழுக்காட்டினருக்கும் படிப்படியாக நிறுத்தியோரில் 56 விழுக்காட்டினருக்கும் நோய் மீண்டது. மருந்து காக்கிறது என்பார்க்கு இது சான்றாகும். நிறுத்தியோரில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்கு அக்காலத்தில் நோய் மீளவில்லை என்பதால், அனைவரும் தொடர வேண்டுவதில்லை என்பார்க்கும் இதுவே சான்றாகும்.

நிறுத்தும்போது தோன்றும் தலைச்சுற்றல், உறக்கக்கேடு, எரிச்சல் முதலியன குறித்தும் கருத்து வேறுபாடு உண்டு. 2024இல் வெளிவந்த தொகுப்பாய்வின்படி, மருந்தை நிறுத்தியோரில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கும், மருந்தற்ற போலி மாத்திரையை நிறுத்தியோரில் 17 விழுக்காட்டினருக்கும் இவை தோன்றின. ஆகவே நிறுத்துதலால் வரும் துன்பம் கற்பனையன்று; எல்லார்க்கும் நேர்வதுமன்று. இவையன்றி எடை கூடுதல், பாலுணர்வுக் குறைபாடு, முதியோரிடம் குருதியின் சோடியம் குறைதல் ஆகியனவும் கருதத்தக்கவை.

இந்திய நிலையை நோக்குழி மற்றொரு பக்கமும் புலனாகும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு உடையோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதிருந்ததைக் காட்டியது. நெடுநாள் மருந்தின் தீமையைப் பேசுவோர், மருந்தே எட்டாதிருப்போரின் நெடுநாள் துன்பத்தையும் தராசின் மறுதட்டில் வைத்தல் வேண்டும்.

மருந்துண்ட மனம் யாருடையது?

1993இல் பீட்டர் கிரேமர் எழுதிய ஃபுரோசாக் பற்றிய நூல், மருந்துண்டபின் ‘நான் இப்போதுதான் நானாக இருக்கிறேன்’ என்னும் கருத்துப்படப் பேசிய நோயாளிகளை முன்னிறுத்தியது. இதனையொட்டி எழுந்த விவாதத்தில், வாழ்வின் வெறுமையைக் கண்டு ஒருவர் கொள்ளும் அயன்மை சில வேளைகளில் தக்க உணர்வே என்றும், அதனை மருந்தால் போக்குவது சரியா என்றும் கார்ல் எலியட் வினவினார். தன் மதிப்பீடுகளுக்கேற்பத் தன்னைத் தானே ஆக்கிக்கொள்வதும் மெய்யான தன்மையே என்றார் டேவிட் டிகிரேசியா. இவ்விரு கருத்துகளுக்கும் இடையே தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ஒரு தெளிவைத் தருகிறது.

தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். அழுகை காரணமுடையது, உலகோடு கொண்ட உறவின் வெளிப்பாடு. மகனை இழந்த தாயின் அழுகை நோயன்று. அவ்வழுகையை அடக்குவது மருந்தின் பணியுமன்று. எலியட்டின் ஐயம் இவ்விடத்துப் பொருந்தும். கடுமையான மனச்சோர்வோ அழுகையின் மிகுதி மட்டுமன்று. அழவும் நகவும் உவக்கவும் இயலாத நிலையை நோயாளிகள் பலர் விவரிக்கின்றனர். இதனை மெய்ப்பாடுகள் எழுவதற்குரிய ஆற்றலே குன்றிய நிலை எனலாம். அவ்வாற்றலை மீட்குமாயின் மருந்து மனத்தை மாற்றுவதன்று, மீட்பதே என்க.

ஆயின் இம்மருந்துகளை நெடுநாள் உண்போரில் சிலர், துயரோடு மகிழ்வும் மழுங்கியதாகக் கூறுகின்றனர். நோயின் மீது சாட்டப்பட்ட குற்றமே மருந்தின் மீதும் சாட்டப்படுகிறது. மழுங்கல் எதனால் வந்தது என்பதை மருத்துவர் வெளியிலிருந்து எளிதில் கூறிவிட இயலாது. உண்பவரின் சொல்லே இங்கு முதற்சான்றாகும். ஆகவே ‘இம்மனம் யாருடையது’ என்னும் வினாவிற்கு ஒருமுறை கூறும் விடை போதாது. அதனை அவரிடமே காலந்தோறும் கேட்டறிதல் வேண்டும்.

‘மருந்து’ பற்றிய தமிழ் நோக்கு

மனத்தை மாற்றும் மருந்தின்பால் தமிழ் வழக்கில் ஓர் அச்சம் உண்டு. ‘மருந்து வைத்துவிட்டார்கள்’ என்னும் பேச்சு, ஒருவரின் விருப்பத்தைப் பிறர் கவர்ந்துகொண்டதைக் குறிக்கும். அவ்வச்சத்தின் கரு, மருந்து உண்பவர் அறியாமல் தரப்படுவதிலேயே உள்ளது. அறிந்து, இசைந்து உண்பதற்கு அது பொருந்தாது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோயுற்றவன் அளவு, நோயின் அளவு ஆகியவற்றோடு காலத்தையும் கருதிச் செய்யுமாறு மருத்துவனைப் பணிக்கிறது. அடுத்த குறள் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணுமிடத்து நோயுற்றவனையே முதலில் வைக்கிறது. காலத்தைக் கருதுதல் என்பதைத் தொடங்கும் காலத்திற்கு மட்டுமன்றித் தொடரும் காலத்திற்கும் நிறுத்தும் காலத்திற்கும் விரித்துக் கொள்ளுதல் தகும். மருந்தைத் தொடங்கிவைத்தவர்க்கு, அதனை மறுஆய்வு செய்யும் கடமையும் நிறுத்துங்கால் உடனிருக்கும் கடமையும் உண்டு. பழைய சீட்டைக் காட்டி ஆண்டுகள் பலவாக அதே மாத்திரையை வாங்கும் வழக்கம் இவ்வறத்திற்கு மாறானது. மருத்துவரைக் கேளாமல் ஒரே நாளில் நிறுத்திவிடுமாறு சுற்றத்தார் வற்புறுத்துவதும் அதற்கு மாறானதே.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையின் அறியப்பட்ட பக்கவிளைவுகளை, நோயாளி புரிந்துகொள்ளக்கூடிய மொழியில் அறியும் உரிமையை அவருக்கு வழங்குகிறது. இவ்வுரிமை பயன்தர வேண்டுமாயின் தெளிவான சொற்கள் வேண்டும். நோய்க்கும் நெருக்கடிக்கும் ஒரே சொல் வழங்கும் மொழியில் இசைவு முழுமையான இசைவாகாது. இது தமிழ்த்துறைகளின் பணியுமாகும்.

முடிவுரை

நெடுநாள் மருந்துண்ணுதல் தன்னளவில் இழுக்குமன்று, இயல்பான முடிவுமன்று. துன்பம் மனிதனைச் செம்மைப்படுத்தும் என்று கூறி மருந்தை மறுப்போர், பெரும்பாலும் பிறர் துன்பத்தைக் குறித்தே அவ்வாறு கூறுகின்றனர். வறுமையால் வந்த துயருக்கு மாத்திரை மட்டும் தந்து அமைவோர், அத்துயரின் காரணத்தை மறைக்கின்றனர். இவ்விரண்டையும் விலக்கி, உண்பவர் அறிந்து தொடங்கவும், கேட்கப்பட்டுத் தொடரவும், துணையோடு நிறுத்தவும் வழிசெய்வதே அறமாகும். அவ்வாறு அமையுங்கால், மருந்துண்ட மனமும் அவருடைய மனமே என்பதில் ஐயமில்லை.