எவ்வளவு குறைஞ்சிருக்க?

கல்யாணப் பந்தியில் என் இலையை எட்டிப் பார்த்த சித்தி கேட்டார்: "ஆபரேஷன் பண்ணி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சே, எவ்வளவு குறைஞ்சிருக்க?"

"இருபத்தஞ்சு கிலோ" என்றேன்.

பொய். பதினான்கு மாதங்களில் நான் குறைந்தது 18 கிலோ. பக்கத்து இலையில் பதின்மூன்று வயது மகள் இருந்தாள். அன்று இரவு, "ஏம்மா பொய் சொன்ன?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்குப் போனபோது எனக்கு வயது 46, எடை 116 கிலோ. தினம் இன்சுலின். தூக்கத்தில் மூச்சு நின்றுபோகாமல் இருக்க முகத்தில் மாட்டிக்கொள்ளும் இயந்திரம். பள்ளியில் என் வகுப்பு இரண்டாம் மாடியில். முதல் மாடியில் நின்று, சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மீதிப் படி ஏறுவேன். அம்மா போட்ட நகையில் எட்டுப் பவுனை அடகு வைத்துப் பணம் கட்டினோம். இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டியெடுத்து, மீதியை ஒரு குழாய்போல ஆக்கிவிட்டார்கள். முதலில் பருப்புத் தண்ணீர், பிறகு ரசத்தில் கரைத்த இட்லி. இப்போது ஒரு இட்லியும் ஒரு அவித்த முட்டையும் போதும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. சத்து மாத்திரைகள் ஆயுளுக்கும். நான்காவது மாதம் தலைமுடி கொத்துக்கொத்தாக வந்தது.

முதல் மாதம் ஏழு கிலோ இறங்கியது. ஐந்தாம் மாதத்தில் பதினான்கு. அதற்குப் பிறகு முள் நின்றுவிட்டது. வாரக்கணக்கில் அசையவில்லை. காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை எடை பார்த்தேன். டயட்டீஷியன் அன்பாகத்தான் கேட்டார்: "மறைச்சு ஏதாச்சும் சாப்பிடுறீங்களா மேடம்?" இல்லை என்றேன். ஆனால் வீட்டுக்கு வந்து எனக்கே சந்தேகம். முந்தின நாள் வாயில் போட்ட நாலு வேர்க்கடலையைக்கூட எண்ணிப் பார்த்தேன்.

குண்டாக இருப்பது வாய்க்கட்டுப்பாடு இல்லாததால் வருவது என்றே நாற்பது வருடம் கேட்டு வளர்ந்தவள் நான். ஆபரேஷன் என்னை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கும் என்று நம்பினேன். இது நோய், குணக்கேடு அல்ல என்று மருத்துவமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக நினைத்தேன். முள் நின்றதும் பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்துவிட்டது. இந்த முறை குற்றம் இன்னும் பெரியது. வயிற்றை வெட்டிய பிறகும் இளைக்காதவள் எப்பேர்ப்பட்டவளாக இருப்பாள்?

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு இருபத்துநான்கு வாரம் அரை வயிற்றுக்குச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். அவர்களின் இதயத் துடிப்பு மெதுவானது. குளிர் தாங்க முடியவில்லை. உடல் தன் செலவைச் சுருக்கிக்கொண்டது. உணவு குறைந்தால் எந்த உடலும் முடிந்தவரை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும் என்பதற்கு இன்றும் அந்த ஆய்வைக் காட்டுகிறார்கள். அதே கீஸும் அவருடைய குழுவினரும்தான் 1972இல், ஆண்களின் உடல்களை அளந்து, நம்மையெல்லாம் இன்று எடை போடும் உடல் நிறை குறியீட்டுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பசித்த ஆண் உடல் மெதுவானபோது அது உடலியல். என் உடல் மெதுவானபோது, நான் எதையோ மறைக்கிறேன்.

மருத்துவமனைச் சுவரில், இத்தனை மாதத்தில் இவ்வளவு குறையும் என்று ஒரு படம் உண்டு. அது சராசரி. சராசரி என்றாலே அதற்குக் கீழேயும் ஆட்கள் இருப்பார்கள். நெடுநாள் சர்க்கரை, இன்சுலின், வயது எல்லாம் வேகத்தைக் குறைக்கும். பத்தாம் வகுப்புக்குச் சராசரி நடத்துகிற கணக்கு டீச்சர் நான். என் விஷயத்தில் அந்தக் கணக்கு எனக்கே மறந்துபோனது.

இன்னொரு பக்கமிருந்தும் கேள்வி வந்தது. பல வருடமாக என்னோடு கூட்டங்களுக்கு வரும் தோழி கேட்டாள்: "நீயுமாடி? அவங்க பார்வைக்காக உடம்பை வெட்டிக்கிட்டியா?" முட்டி வலியைச் சொன்னேன், சர்க்கரையைச் சொன்னேன். ஆனால் அது முழு உண்மையில்லை. கடையில் ஆயத்த ரவிக்கை ஒன்றாவது எனக்குச் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நாத்தனார் வாயை மூட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைகள் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்தும் அவை என்னுடையவைதான். சித்திக்கு என் உடல் அடக்கத்துக்குச் சாட்சியாக வேண்டும்; தோழிக்கு எதிர்ப்புக்குச் சாட்சியாக வேண்டும். இரண்டு பேரும் தராசையே பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் நான் கடன்பட்டவளைப் போலப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்சுலின் ஆறாம் மாதத்தில் நின்றுவிட்டது. மூச்சு இயந்திரம் பரண்மேல் பெட்டியில் இருக்கிறது. இரண்டு மாடியும் நிற்காமல் ஏறுகிறேன். இதுவரை ஒருவரும் இதைப் பற்றிக் கேட்கவில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. சர்க்கரை குறைந்தது எனக்கு. கிலோ குறைவது பார்ப்பவர்களுக்கு. என் உடலில் எனக்கு மட்டும் பயன்படும் எதுவும் வெற்றிக் கணக்கில் சேருவதில்லை. நானும்கூட அதைச் சேர்க்கவில்லை. பந்தியில் வாய் திறந்தபோது எனக்கு வந்ததும் கிலோதான்.

என் உடலின் எண்ணைப் பற்றி யாருக்கும் நான் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. "அதை விடுங்க சித்தி" என்று சொல்லியிருந்தால் அது என் உரிமை. பொய் சொன்னது வேறு. 25 என்று நான் சொன்னது பந்தியோடு முடியாது. சித்தி அதை நாலு பேரிடம் சொல்வார். இதே ஆபரேஷன் செய்துகொண்ட எவளோ ஒருத்தி அதைக் கேட்டுத் தன் 12ஐ ஒளித்துவைப்பாள். சுவரில் இருக்கும் அந்தப் படத்தின் கோட்டை நானும் கொஞ்சம் உயர்த்திவிட்டேன்.

என் மகள் இதற்கு முன்பே கணக்குப் போட ஆரம்பித்திருந்தாள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் கழித்து, எடை பார்க்கும் கருவியை அவள் கட்டிலுக்கடியில் கண்டேன். சில வாரங்களாக இரண்டாவது தோசையை அவள் வேண்டாம் என்று சொல்லிவந்தது அப்போதுதான் உறைத்தது. தினம் இரண்டு முறை நான் அதில் ஏறி இறங்கி முகம் சுருங்கியதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. அதைப் போல எதையும் நான் அவளுக்குச் சிரத்தையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அவளிடம் சொன்னேன்: "வெட்கமா இருந்துச்சு, அதான் பொய் சொன்னேன். வெட்கப்பட அதுல ஒண்ணுமில்ல." கருவியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது மருத்துவமனையில் மட்டும் எடை பார்க்கிறேன்.

போன மாதம் வளைகாப்பு ஒன்றில் சித்தியிடம் நானே சொன்னேன்: "பதினெட்டுதான் சித்தி. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். இன்சுலின் இப்ப போடுறதில்ல."

"பதினெட்டுதானா?" என்றார்.

"ஆமா, பதினெட்டுதான்."

மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது தோசையை அவள் இன்னும் எடுக்கவில்லை. நான் உண்மையிலேயே யாருக்காவது கடன்பட்டிருந்தால், அது அங்கேதான்.