சுண்ணாம்புக்கல்லும் ஊற்றுநீரும்: உடைமை குறித்த ஓர் அறவினா

டேராடூன் பள்ளத்தாக்கை அடுத்த முசௌரி மலைச்சரிவுகளில் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுவதை எதிர்த்து 1983இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் சென்றது; நீதிமன்றம் அதனையே நீதிப்பேராணை மனுவாக ஏற்றது. 1985 மார்ச்சு 12ஆம் நாள் ஆணையால் கற்சுரங்கங்கள் பல மூடப்பட்டன. இவ்வழக்கில் ஆராயத்தக்கது, கல் யாருடையது என்பதன்று. கல் செய்யும் பணி யாருடையது என்பதேயாகும்.

சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளும் உட்குழிவுகளும் மழைநீரை வாங்கித் தேக்கி, அடிவாரத்து ஊற்றுகளுக்குச் சிறிது சிறிதாக விடுகின்றன. குத்தகைக் கணக்கோ பெயர்த்தெடுத்த கல்லை மட்டுமே டன்னில் அளக்கிறது. இருந்த இடத்திலேயே இருந்து அது ஆற்றும் பணிக்கு அக்கணக்கில் இடமில்லை. வெட்டிய மரத்துக்கு மாற்றாக மற்றொன்றை நடலாம். பெயர்த்த பாறையை மீண்டும் பொருத்தவியலாது. எனவே, இழப்பீடு என்னும் சொல் இங்குப் பொருளிழக்கிறது.

எனினும், கல்லுடைத்துப் பிழைத்தவரின் வயிறும் அறத்தின்பாற்பட்டதே. குத்தகைதாரர் அடையும் இழப்பை, நலமான சூழலில் வாழும் மக்களுரிமைக்குக் கொடுக்கவேண்டிய விலையாக நீதிமன்றம் கருதியது. வேலையிழப்போரைக் காடுவளர்ப்பிலும் மண்காப்பிலும் இயன்றவரை அமர்த்துமாறும் கூறியது. அந்த ‘இயன்றவரை’ என்னும் சொல்லே உறுத்துகிறது. ஊற்றுநீரின் பயன் பள்ளத்தாக்கு முழுமைக்கும் உரியதாக, அதன் விலையில் ஒரு பங்கு அன்றாடக் கூலியாளிடமிருந்தே முதலில் பெறப்பட்டது.