நழுவும் துணிக்கு ஒரு விதி

பிச்சைக்காக ஊருக்குள் போன ஒரு பிக்குவின் கீழாடை, வண்டிகள் போகும் தெருவில் அவிழ்ந்து விழுந்தது. பார்த்தவர்கள் கூச்சல் போட்டார்கள். பிக்கு கூனிக் குறுகித் திரும்பிவந்து மற்றவர்களிடம் சொல்ல, அவர்கள் புத்தரிடம் போய்ச் சொன்னார்கள். இடுப்பு வார் இல்லாமல் இனி ஒருவரும் ஊருக்குள் நுழையக் கூடாது, நுழைந்தால் குற்றம் என்று விதி பிறந்தது. பௌத்தத் துறவிகளின் ஒழுங்கு நூலான விநயபிடகத்தில், சுல்லவக்கம் என்ற பகுதியில், சில்லறைச் சங்கதிகளுக்கென்றே ஒதுக்கிய அத்தியாயத்தில் இந்தச் சம்பவம் பதிவாகியிருக்கிறது.

துக்கத்தின் வேரைத் தேடிப் புறப்பட்ட ஒரு மார்க்கத்துக்கு இடுப்பு வாரில் என்ன வேலை? இந்தக் கேள்விக்குச் சுல்லவக்கத்தின் அடுத்த சில பத்திகளிலேயே பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் உபதேசமாக வருவதில்லை. ஒரு பட்டறையில் நடக்கும் சோதனைகளின் குறிப்பேடு போல வருகிறது.

வார் கட்டலாம் என்றதும் முதலில் கிளம்பியது அறுவர் குழு என்ற பிக்குக் கூட்டம். எந்தச் சலுகை கிடைத்தாலும் அதை எல்லைவரை இழுத்துப் பார்ப்பவர்கள் என்று விநயம் முழுக்கப் பேர் வாங்கியவர்கள் இவர்கள். பல புரிகளைச் சேர்த்தது, நீர்ப்பாம்பின் தலை மாதிரி முடிந்தது, முரசு வடிவில் பின்னியது, நகைச் சரடு போல் கோத்தது என்று விதவிதமான வார்களோடு உலா வந்தார்கள். சம்சாரிகளைப் போல அல்லவா இவர்கள் திரிகிறார்கள் என்று ஊர் முணுமுணுத்தது. புத்தர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இரண்டே வகைகளை விட்டுவைத்தார்: தட்டையான துணிப்பட்டை ஒன்று, பன்றிக் குடல் என்று பெயர் பெற்ற, குழாய் போன்ற வார் இன்னொன்று.

அதோடு முடியவில்லை. துணிப்பட்டையின் ஓரம் நைந்துபோனது. அங்கே முரசுப் பின்னலும் சரடுப் பின்னலும் போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. சற்று முன்னால் தடை விழுந்த அதே பின்னல்கள்தான்! பிறகு முனை நைந்தது. சுற்றி மடித்துத் தைக்கவும் முடிச்சுப் போடவும் அனுமதி. பிறகு மடித்த வளையம் தேய்ந்தது; கொக்கி மாட்டலாம் என்றார். அறுவர் குழு மறுபடி வந்தது, இந்த முறை தங்கக் கொக்கியோடும் வெள்ளிக் கொக்கியோடும். அது கூடாது என்று சொல்லி, எதில் செய்யலாம் என்று ஒரு பட்டியலே தரப்பட்டது: எலும்பு, தந்தம், கொம்பு, நாணல், மூங்கில், மரம், அரக்கு, காய் ஓடு, செம்பு, சங்கு, நூல். புத்தரின் அணுக்கத் தொண்டரான ஆனந்தரும் தப்பவில்லை. லேசான ஆடையைப் போர்த்திக்கொண்டு ஊருக்குள் போனபோது சுழற்காற்று அதைத் தூக்கிவிட்டது. பொத்தானும் அது நுழையும் வளையமும் அனுமதிக்கப்பட்டது அப்போதுதான்.

தமிழ் வாசகருக்கு இந்த வரிசையைப் படித்ததும் வேறொரு கதை ஞாபகம் வரும். ராமகிருஷ்ண பரமஹம்சர் சொல்லிவந்த கோவணக் கதை. சாமியாரின் கோவணத்தை எலி கடிக்கிறது, எலியை விரட்டப் பூனை, பூனைக்குப் பாலூட்டப் பசு, பசுவுக்குத் தீவனம் விளைக்க நிலம் என்று வளர்ந்து கடைசியில் சாமியார் முழுச் சம்சாரியாகிவிடுகிறார். சுல்லவக்கத்திலும் துணியிலிருந்து வார், வாரிலிருந்து கொக்கி, கொக்கியிலிருந்து தங்கம் என்று அதே சரிவுதான் தொடங்குகிறது. ஆனால் அது பாதியில் நிற்கிறது. எந்த இடத்தில், எதனால் என்பதுதான் இங்கே தத்துவக் கேள்வி.

முரசுப் பின்னல் முதலில் குற்றம், பிறகு நியாயம். பின்னல் மாறவில்லை, அது செய்யும் வேலை மாறிவிட்டது. முழு வாரையும் அலங்கரித்தபோது ஊரின் கண்ணை இழுத்தது. நைந்த ஓரத்தைத் தாங்கியபோது யார் கண்ணிலும் படவில்லை. நழுவும் துணியும் மின்னும் கொக்கியும் ஒரே தவறின் இரண்டு முகங்கள் என்று இந்த விதிகளை வகுத்தவர்கள் கண்டுகொண்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. இரண்டுமே மனத்தை இடுப்பிலேயே கட்டிப்போடுகின்றன. தெருவில் நடக்கும் பிக்கு ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டே போனாலும் அவர் நினைப்பு அங்கேதான். தங்கக் கொக்கி எல்லார் கண்ணிலும் படுகிறதா என்று பார்த்துக்கொண்டே போனாலும் அங்கேதான். வசதி என்பது இங்கே உடம்புக்குக் கொடுக்கும் சலுகை இல்லை. உடம்பைப் பற்றி யோசிக்காமல் இருக்க ஓர் ஏற்பாடு.

வேறு வழி இருந்திருக்கலாம். துணியையே விட்டுவிட்டால் வாரும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம். திகம்பர ஜைன முனிவர்கள் இன்றுவரை கடைப்பிடிக்கும் வழி அது. ஆடை இருந்தால் வெட்கம் இருக்கும், உடைமை இருக்கும், துவைப்பதும் தைப்பதுமாக வேலை இருக்கும் என்பது அவர்கள் வாதம். சுலபமாகத் தள்ளிவிடக் கூடிய வாதமில்லை. விநயத்தின் மகாவக்கத்திலேயே ஒரு பிக்கு உடையில்லாமல் வந்து நின்று, அதுவே எளிமைக்கும் திருப்திக்கும் வழி என்று புகழ்கிறார். புத்தர் கண்டித்து அனுப்புகிறார். இடுப்பு வார் இல்லாமல் போவதைவிட அது பெரிய குற்றமாக எழுதப்படுகிறது. சோறு போடும் ஊரோடு பிக்குகள் தினமும் முகம் பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே துணி தங்கியது, கூடவே வாரும். பாத்திரம், மூன்று சீவரங்கள், சவரக்கத்தி, ஊசி, நீர் வடிகட்டி ஆகியவற்றோடு பிக்குவின் எட்டு உடைமைகளில் இடுப்பு வாரும் ஒன்று. இலங்கையில் அட்டபிரிகர என்ற பெயரில் இவற்றை ஒரே பொதியாகக் கட்டி விகாரைகளுக்குத் தானம் கொடுப்பது இப்போதும் உண்டு.

துறவியின் சீவரத்தை விட்டு அலுவலகம் போகிறவரின் கால்சட்டைக்கு வந்தாலும் சிக்கல் அதேதான். துணியை உடம்பில் நிறுத்த இரண்டே வழிகள். தோளிலிருந்து தொங்கவிடலாம், இல்லாவிட்டால் இடுப்பை இறுக்கிப் பிடிக்கலாம். பெல்ட் இரண்டாவது வகை. உராய்வுதான் அதன் பலம். உராய்வு வேண்டுமென்றால் அழுத்தம் வேண்டும். நன்றாக நிற்க வேண்டுமானால் நன்றாக இறுக்க வேண்டும் என்ற கணக்கு அதோடு ஒட்டிப் பிறந்தது. இடை சிறுத்து, கீழே இடுப்பெலும்பு அகன்றிருக்கிற இளைஞனுக்கு எலும்பே தாங்கிக்கொள்ளும். தொப்பை விழுந்தவருக்கு உடம்பின் கோணம் தலைகீழாகிவிடுகிறது. வயிற்றின் பெரிய சுற்றளவிலிருந்து கீழே போகப் போகச் சுற்றளவு குறைவதால், பெல்ட் வழுக்கிக்கொண்டே இறங்கும். போதாததற்கு உட்கார்ந்தால் இடுப்புச் சுற்றளவு கூடும், சாப்பிட்டால் இன்னும் கூடும். தோல் பெல்ட்டின் துளைகளோ பெரும்பாலும் ஓர் அங்குல இடைவெளியில் இருக்கின்றன. ஒரு துளையில் மூச்சு முட்டுகிறது, அடுத்ததில் கால்சட்டை இறங்குகிறது, வேண்டிய இடம் இரண்டுக்கும் நடுவில். இறுக்கமான பெல்ட் நெஞ்செரிச்சலை அதிகப்படுத்தும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். இடுப்போரத்தில் ஓடும் நரம்பு நசுங்கித் தொடையின் வெளிப்புறம் மரத்துப்போவதும் உண்டு.

மேற்கு நாடுகளில் நெடுங்காலம் முதல் வகையான தோள் வாரே அரசாண்டது. அதையும் பொறுக்காதவர்கள் இருந்தார்கள். நாவலாசிரியர் மார்க் ட்வெய்ன் சாமுவேல் கிளெமென்ஸ் என்ற தன் சொந்தப் பெயரில் 1871 டிசம்பர் 19 அன்று 121,992 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். உடையில் கழற்றி மாட்டிக்கொள்ளக்கூடிய, அளவு மாற்றத்தக்க வார் அது. லீவைஸ் கம்பெனியின் ஜீன்ஸில் பெல்ட் கோக்கும் வளையங்கள் 1922-இல்தான் வந்தன. தோள் வாருக்கான பொத்தான்கள் அதற்குப் பிறகும் 1937 வரை உடன் இருந்தன.

பெல்ட் இடுப்பில் எந்த உயரத்தில் உட்கார வேண்டும் என்ற கேள்வியை வேதாகமமும் விடவில்லை. எசேக்கியேல் தீர்க்கதரிசியின் 44-ஆம் அதிகாரத்தில், ஆலயத்துக்குள் பணிவிடை செய்யும் குருமார் வியர்வை உண்டாக்கும் எதையும் கட்டிக்கொள்ளக் கூடாது என்ற கட்டளை இருக்கிறது. கம்பளி வேண்டாம், சணல்நூல் போதும் என்பது அதன் முன்பகுதி. யூதர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தால்முதின் செவாகிம் பகுதியில் ரபிகள் என்ற யூத அறிஞர்கள் இதற்கு இடம் குறிக்கும் விளக்கம் சொன்னார்கள்: இடுப்புக்குக் கீழே கூடாது, அக்குள் பக்கம் மேலே ஏறவும் கூடாது, முழங்கைகளுக்கு நேராகக் கட்ட வேண்டும். சதை மடிந்து வியர்க்கும் இடங்களைத் தவிர்க்கச் சொன்ன ஏற்பாடு. கடவுளுக்கு முன்னால் நிற்பவனுக்கு அக்குள் கசகசக்கக் கூடாது என்பதை இறையியலாகவே எடுத்துக்கொண்டார்கள். கட்டுரையாளர்கள் மரியாதைக்காகத் தாண்டிப்போகும் இத்தகைய பக்கங்களில்தான் மதங்கள் மனித உடம்பை எவ்வளவு நெருக்கமாகக் கவனித்தன என்பது தெரிகிறது.

இதுவரை பார்த்தவை எல்லாம் மறப்பதற்காகக் கட்டும் வார்கள். பார்சிகளின் கஸ்தி இதற்கு நேர் எதிர்.

ஆட்டுக்குட்டியின் கம்பளி நூலில், 72 இழைகளில் நெய்யப்படும் மெல்லிய நாடா அது. யஸ்னா என்ற ஜரதுஷ்டிர வழிபாட்டு நூலின் 72 அத்தியாயங்களுக்கு அந்த இழைகள் கணக்கு. சமயத்தில் சேர்க்கும் நவ்ஜோத் சடங்கில் முதன்முதலாக அதை அணிவிப்பார்கள். சுத்ரே என்ற வெள்ளை உள்ளங்கியின் மேல் மூன்று சுற்றுச் சுற்றி, முன்னும் பின்னும் முடிவார்கள். மூன்று சுற்று நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல் மூன்றையும் குறிக்கும். கஸ்தி எதையும் தாங்குவதில்லை. உள்ளங்கி தோளில் தொங்குகிறது. கால்சட்டைக்குத் தனியாக நாடாவோ பெல்ட்டோ உண்டு. எழுந்ததும், பிரார்த்தனைக்கு முன்பும், இயற்கை உபாதைக்குப் பிறகும் அதை அவிழ்த்து மந்திரம் சொல்லித் திரும்பக் கட்ட வேண்டும். பொறியாளர் யாராவது பார்த்தால், ஒரு நாளைக்கு இத்தனை தடவை அவிழ்த்துக் கட்டவேண்டிய வார் மோசமான வடிவமைப்பு என்பார். அவிழ்ப்பதும் கட்டுவதும்தான் அதன் பயன். மனம் வேறெங்கோ போய்விட்டால் கையைப் பிடித்து இடுப்புக்குக் கூட்டிவருகிறது.

யூதர்களிடம் இந்த இரண்டு நோக்கங்களும் ஒரே வாருக்குள் மோதின. அவர்களில் ஒரு பிரிவினரான ஹசீதியர்கள் தொழுகையின்போது கட்டும் கார்ட்டெல் என்ற கறுப்பு வாருக்குப் பழைய சட்டம் ஒரு காரணம் சொல்கிறது: இதயத்துக்கும் மறைவிடத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். நீண்ட அங்கி மட்டும் போட்ட காலத்தில் அது பொருந்தியது. கால்சட்டை வந்ததும் வழக்கு மாறிவிட்டது. கால்சட்டையின் இடுப்புப் பட்டியே தடுப்பாகிவிட்டதே, தனி வார் எதற்கு? 1565-இல் வெனிஸில் அச்சான, யோசேப் காரோவின் ஷுல்கான் அருக் என்ற சட்டத் தொகுப்பும் அதன் உரைகளும் இதை விவாதிக்கின்றன. தடுப்பு இருந்தாலும் கடவுளைச் சந்திக்க ஆயத்தமாக நிற்பதற்கு வார் வேண்டும் என்று ஒரு பக்கம்; நாள் முழுக்க வார் கட்டாதவருக்குத் தொழுகைக்கு மட்டும் அது கட்டாயமில்லை என்று இன்னொரு பக்கம். வேலை போன பிறகும் வார் போகவில்லை. வேலை இல்லாததாலேயே முழுக்கவும் அடையாளமாகிவிட்டது என்றும் சொல்லலாம்.

கிறிஸ்தவத் துறவிகளுக்கு இடுப்பில் வேறு கவலைகள். புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கு நூல், மடத்துத் துறவிகள் இரவிலும் கச்சையோடு படுத்து, அழைப்புக் கேட்டதும் எழ ஆயத்தமாக இருக்க வேண்டும் என்கிறது. தூக்கத்தில் காயம் படாமலிருக்க, கத்தியை மட்டும் கழற்றிவிட வேண்டும். மத்தேயு சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரம் சீடர்களைக் கச்சையில் பொன்னும் வெள்ளியும் செம்பும் வைத்துக்கொள்ளாமல் புறப்படச் சொல்கிறது. அக்காலத்தில் கச்சைதான் பணப்பை. நம்மூரில் வேட்டியின் மேல் பை வைத்த அகலமான பச்சை பெல்ட் கட்டும் வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம். அசிசியின் பிரான்சிஸ் அந்த வாசகத்தைக் கேட்டுத் தோல் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கயிறு கட்டிக்கொண்டார். பிறகு வந்த பிரான்சிஸ்கன் துறவிகளின் கயிற்றில் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று முடிச்சுகள் ஏறின. முடிச்சும் எதையும் தாங்குவதில்லை. அந்த வகையில் அது கஸ்திக்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

கால்சட்டைக்குப் பெல்ட் வடிவமைப்பவருக்கு இதில் எது உதவும்? கஸ்தி உதவாது. தினமும் பத்துத் தடவை இடுப்பை நினைவூட்டும் பெல்ட்டை எந்த வாடிக்கையாளரும் இரண்டாம் முறை வாங்கமாட்டார். சுல்லவக்கம் உதவும். எது நழுவியது, எது தேய்ந்தது, எது கண்ணை உறுத்தியது என்ற மூன்றே கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு சிறு திருத்தம். கொக்கியில் கம்பெனியின் பெயரெழுத்தை உள்ளங்கை அகலத்துக்குப் பொறித்து விற்கும் பெல்ட்டுகளை அறுவர் குழு கண்டால் சொந்தம் கொண்டாடும்.

மிஞ்சுவது தோல். தோல் பெல்ட் உடம்பின் வளைவுக்கு மெல்லப் பழகிக்கொள்ளும், வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் அது மாட்டின் தோல். ஜைனக் கோயில்களில் தோல் பொருள்களை வெளியே வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். யோம் கிப்பூர் என்ற நோன்பு நாளில் யூதர்கள் தோல் செருப்பைக் கழற்றுவார்கள், தோல் பெல்ட்டைக் கழற்றுவதில்லை. அங்கே விலக்கப்படுவது செருப்பு தரும் சுகம், மிருகத்தின் தோல் அல்ல. விநயத்தின் பட்டியலிலும் கொக்கிக்கு எலும்பும் கொம்பும் தந்தமும் ஏற்கப்பட்டிருப்பதால் அது அகிம்சைப் பட்டியல் என்று சொல்லிவிட முடியாது. என்றாலும் வார் மட்டும் துணிதான். தோல் வேண்டாதவருக்கும், இரண்டு துளைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவருக்கும் ஒரே விடையாக ராணுவத்தின் நெசவு பெல்ட் இருக்கிறது. கெட்டியாக நெய்த பருத்திப் பட்டை, துளை கிடையாது, பித்தளைக் கொக்கிக்குள் இருக்கும் உருளை எந்த இடத்திலும் கடித்துப் பிடிக்கும். பட்டை, செம்பு கலந்த கொக்கி, இரண்டுமே பௌத்தத் துறவிகளின் சங்கம் ஒப்புக்கொண்டவை. பித்தளையைத் தினமும் தேய்த்துப் பளபளக்க வைக்கச் சொல்லும் ராணுவ ஒழுங்கைத்தான் அது ஒப்புக்கொண்டிருக்காது.