உண்டு, இல்லை, சொல்ல இயலாது

கருவுற்ற ஆறேழு வாரங்களில் ஸ்கேன் எடுத்துத் திரும்பும் மருமகளிடம் வீட்டார் கேட்பது ஒரே கேள்வி: உயிர் உண்டா, இல்லையா? மூன்றாவது விடையும் உண்டு என்பதைச் சியாத்வாதம் கற்ற நாமே மறந்துவிடுகிறோம். உண்டு, இல்லை என்பவற்றோடு 'அவக்தவ்யம்', சொல்ல இயலாதது, என்னும் நிலையையும் நம் முன்னோர் வகுத்துள்ளனர்.

மருத்துவமும் இந்நிலையை ஏற்கிறது. கருவின் வயதைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிடுகின்றனர். கருமுட்டை தாமதமாக வெளிப்பட்டிருப்பின், ஏழு வாரம் என நாம் எண்ணுவது உண்மையில் ஆறு வாரமாகவும் இருக்கலாம். உள்வழியாக எடுக்கும் ஸ்கேனில் ஐந்தாம் வாரத்தையொட்டிக் கருவின் நீர்ப்பையும், ஆறாம் வாரத்தையொட்டி இதயத்துடிப்பும் தோன்றுவது இயல்பு. ஆதலின் 'காணவில்லை' என்பது 'இல்லை' ஆகிவிடாது.

முன்பு 5 மி.மீ. நீளக் கருவில் துடிப்பில்லையெனில் உயிரில்லை என முடிவு கட்டினர். அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று வகுத்து 2013-இல் வெளியான நெறிகள் அவ்வளவை 7 மி.மீ. ஆக உயர்த்தின. நீர்ப்பையின் சராசரி விட்டம் 25 மி.மீ. எட்டியும் கரு தோன்றாவிடினும் உயிரில்லை என்பர். அதற்குக் குறைந்தால் காத்திருக்க வேண்டும். நீர்ப்பையினுள் மஞ்சட்கருப் பை தெரிந்திருந்தால் 11 நாட்கள், தெரியாதிருந்தால் 14 நாட்கள். இரண்டு மி.மீ. வேறுபாடுதானே என்பார்க்கு நாம் என்ன சொல்வது? அவ்விடைவெளியில் உயிருள்ள கருவும் இருக்கக்கூடுமே!

கவனமின்மையால் உயிருக்கு ஊறு செய்வதே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரம் காட்டும் நெறி. ஐயம் தீருமுன் கருவைக் கலைக்க விரைதல் அவ்வகையே. ஆனால் துடிப்பில்லை என உறுதியான பின், கொல்லாமையின் பெயரால் சிகிச்சையைத் தடுத்து, உதிரப்போக்கிலும் தொற்றிலும் தாயைத் தவிக்கவிடுவது அறமாகாது. அங்கே காக்க வேண்டிய உயிர் அவளே. வயிற்றில் ஒருபுறம் கடும் வலியோ, மயக்கமோ, மிகுந்த உதிரப்போக்கோ தோன்றின் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம்.

கரு நிலைக்காதபோது அவள் பப்பாளி தின்றதையும் கிரிவலம் நடந்ததையும் குறைகூறுவோர் உளர். 'அவள் வினை' என்பாரும் நம்மவரிலேயே உளர். தொடக்கக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழப் பாதி, கருவின் குரோமோசோம் பிழையால் நேர்வன. துயருற்றவள்மேல் வீசும் அச்சொல்லும் இம்சையே.

மறு ஸ்கேனுக்குக் குறித்த நாள் பௌர்ணமியாக வாய்த்தால் திருவண்ணாமலைக்குள் பேருந்து நுழைவது அரிது. மருத்துவரைக் கேட்டு ஒரு நாள் தள்ளிவைத்துக்கொள்ளலாம், முன்தள்ளிச் செல்லலாகாது.